பதினைந்து சொட்டு

தனக்கென்று நிறம் இல்லை, சேர்ந்த இடத்தின் நிறம்தான் அதற்கு. தனக்கென்று ருசி இல்லை, கலந்ததன் ருசிதான் அதற்கு. கலக்கும்போது தெரியாது, கலந்த பிறகுதான் தெரியும். அது என்ன? சொல்லுங்கள் பார்ப்போம். அவசரம் இல்லை. சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று இருபது. டாக்டரம்மா எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதி முடித்ததும் நிமிர்ந்து என்னைத்தான் பார்ப்பார், மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார், அதுவரைக்கும் இந்த விடுகதையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கலாம். இது என் வீட்டுக்காரர் கட்டிய விடுகதை, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நீலவேணிக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டார். அவள் காற்று என்றாள், நிழல் என்றாள், அப்புறம் அம்மா என்றாள், நான் சமையற்கட்டில் சிரித்துவிட்டேன். விடை தண்ணீர். சாயப்பட்டறையில் கலர் மாஸ்டருக்கு முதல் எதிரி தண்ணீர்தான் கண்ணு என்று அவளுக்கு விளக்கம் சொன்னார். அதே சாயம், அதே எடை, அதே சூடு, ஆனால் ஆழ்துளைப் போர் தண்ணீரில் ஒரு மெரூன் வரும், லாரித் தண்ணீரில் வேறொரு மெரூன் வரும், தண்ணீருக்குள் இருக்கிற உப்பு கலக்கும்போது தெரியாது, துணி காய்ந்த பிறகுதான் தெரியும். இரண்டு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவருக்கு இரண்டும் வேறு. பத்தொன்பது வருஷமாக அந்தக் கண்ணை நம்பித்தான் பட்டறை ஓடுகிறது.

அந்தக் கண்தான் இப்போது என்னைப் பார்க்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் இரண்டாவது கட்டிலில் அவர் உட்கார்ந்திருக்கிறார், படுக்கச் சொன்னார்கள், படுக்கவில்லை, விளிம்பில் உட்கார்ந்து வலது குதிகால், இடது குதிகால், வலது, இடது என்று தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறார், ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பு ஆட்டோவில் விழுந்ததா தெருவிலேயே கிடக்கிறதா தெரியவில்லை. கட்டிலின் தலைமாட்டில் வார்டு உதவியாளர் அய்யாசாமி நிற்கிறார், அவர் சட்டைப் பையில் கட்டுத்துணிச் சுருள் இரண்டு துருத்திக்கொண்டிருக்கிறது. வந்தவுடனே அவர் அதை வெளியே எடுத்தார், டாக்டரம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார், கட்டறது கடைசி அண்ணா, முதல்ல பேசிப் பார்க்கலாம் என்றார். சின்ன வயசு டாக்டர், என் தங்கை வயசு இருக்கலாம். நின்று பேசாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்குக் கீழே உட்கார்ந்து, தண்டபாணி சார், நான் உங்களைத் தொடமாட்டேன், தொடறதுக்கு முன்னாடி கேப்பேன் என்றார். அவர் கால் ஒரு நிமிஷம் நின்றது. நான் பார்த்தேன். அப்புறம் மறுபடியும் வலது, இடது. நீலவேணி அவர் பக்கத்திலேயே நிற்கிறாள், அவர் இடது கை அவளுடைய இரண்டு விரலைப் பிடித்திருக்கிறது. குழந்தையை வெளியே உட்கார வைக்கலாமே என்று எஸ்தர் சிஸ்டர் சொன்னார், அவள் ஓரடி எடுத்து வைத்ததுமே இவர் எழுந்துவிட்டார், அய்யாசாமி தோளை அமுக்க வேண்டியதாகிவிட்டது, அப்புறம் டாக்டரம்மாவே இருக்கட்டும் என்றார். பதினொரு வயது. இன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. பள்ளிக்கூடம் இருந்திருந்தால் அவள் இங்கே இருக்கமாட்டாள், இதை எல்லாம் கேட்டிருக்கமாட்டாள். இருந்திருந்தால், இருந்திருந்தால். பத்து மணிக்குத் தண்ணீர் கேன் வண்டி நேரம் தவறி ஒன்பதுக்கே வந்து போயிருந்தாலும் நாங்கள் இங்கே இருக்கமாட்டோம். வண்டி பத்துக்குத்தான் வந்தது. இவர் வாசலுக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடந்துகொண்டிருந்தார், கேன் போடுகிற ஆள் இரண்டு கேனை இறக்கி வைத்தார், இவர் ஒன்றைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தெருவில் கவிழ்த்தார், அப்புறம் வண்டியில் ஏறி ஒவ்வொரு கேனாக. எல்லாத்துலயும் கலந்திருக்குது, எல்லாத்துலயும் கலந்திருக்குது. அந்த ஆள் தடுத்தபோது சட்டையைப் பிடித்து வண்டியோடு சேர்த்து அழுத்தினார், அந்த ஆளுக்கு மூச்சுத் திணறியது. தெருவெல்லாம் தண்ணீர். எதிர்வீட்டு மேஸ்திரியும் அவர் மருமகனும் சேர்ந்துதான் ஆட்டோவில் ஏற்றினார்கள். யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாத மனுஷன்.

அதே கேள்வி என்றேன் அல்லவா. வந்ததும் டாக்டரம்மா முதலில் கேட்டது அதுதான். இவருக்கு ஏதாவது மாத்திரை போயிட்டிருக்குங்களா? நான் சொன்னேன், மாத்திரை எதுவும் சாப்பிடறதில்லைங்க. சொன்னதும் எனக்கே வியப்பாக இருந்தது, எவ்வளவு சுத்தமாக வந்தது அந்த வாக்கியம். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பாருங்கள். மாத்திரை. அது மாத்திரை இல்லை. சாப்பிடுவது. அவர் சாப்பிடவில்லை, அவருக்குத் தெரியாமல் உள்ளே போகிறது. ஆகவே மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஒரு பொய்கூட இல்லை. எட்டு மாதத்தில் இப்படிப் பேச நான் கற்றுக்கொண்டுவிட்டேன், அவர் காதுக்கு எட்டுகிற தூரத்தில் எதைச் சொன்னாலும் முதலில் அவர் காதில் அது எப்படி விழும் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வது. டாக்டரம்மாவின் மேஜைக்கும் கட்டிலுக்கும் நான்கடி. தனியாகப் போய்ச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். வராந்தாப் பக்கம் இரண்டடி வைத்தேன். எங்க போறே அம்மிணி, அங்க போயி என்ன சொல்லப்போறே என்று எழுந்தார், அய்யாசாமியின் கை தோளில் விழுந்தது, நான் திரும்பி வந்து நின்றேன். எழுதிக் காட்டலாம். மேஜையில் பேனா இருக்கிறது, கயிறு கட்டிய பேனா. பேனாவை எடுத்தால் பார்ப்பார். பார்க்காவிட்டாலும் அந்தக் காகிதத்தைப் படிக்கிற டாக்டரம்மாவின் முகத்தைப் பார்ப்பார். முகத்தில் ஷேடு மாறினால் அவருக்குத் தெரியாமல் போகுமா. அவருக்கு என்ன செய்கிறது என்று டாக்டரம்மா அவரையே கேட்டார். அவர் ஒழுங்காகத்தான் பதில் சொன்னார், அவ்வளவு ஒழுங்காக. "எனக்குக் காபிக்குச் சக்கரை நானே போட்டுக்குவேனுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான். கலக்கறது எந்தொழிலு, அதை நான் யாருகிட்டயும் விடமாட்டேன். எட்டு மாசமா இவ சக்கரை போட்டுக் கலக்கிக் கொண்டாறா. ஏன்னு கேட்டா, சும்மாதாங்கறா. சும்மா ஒருத்தி எட்டு மாசம் கலக்குவாளா?" டாக்டரம்மா தலையசைத்தார், தமிழிலேயே எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. மனைவி உணவில் எதையோ கலப்பதாகச் சந்தேகம். சந்தேகம் என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. நீலவேணியும் படித்தாள். அவள் எந்தக் கையெழுத்தையும் படிப்பாள். இப்படித் தோணறது இந்த நோயோட குணம், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க அம்மா என்று டாக்டரம்மா என்னிடம் மெல்லச் சொன்னார். நான் தலையசைத்தேன். நான் தலையசைத்தேன் என்பதை எதைக்கொண்டு கழுவுவேன்.

கார்த்திகையில் அவர் தூங்குவதை நிறுத்தினார். பட்டறை முதலாளி மின்விசிறிக்குள் கேமரா வைத்திருக்கிறார் என்றார், குளியலறை விளக்கைத் துணியால் மூடினார், டாக்டரிடம் போகலாம் என்றால், நீ போ, உனக்குத்தான் வேணும் என்றார். நான் போனேன். அவர் சொன்னபடியே நான்தான் போனேன். தனியார் டாக்டர், வயசானவர், நான் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார், ஆளைப் பார்க்காமல் மருந்து கொடுக்கக்கூடாது என்றார், அடுத்த வாரம் மறுபடியும் போய் அழுதேன், எழுதிக்கொடுத்தார். காலையில் ஐந்து சொட்டு, சாயங்காலம் ஐந்து சொட்டு, ஒரே மாதம்தான், அதற்குள் எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். சின்னக் குப்பி. கட்டைவிரல் உயரம். மூடிக்குள் ஒரு துளை, கவிழ்த்தால் உடனே விழாது, விளிம்பில் ஒரு மணி திரளும், கொஞ்சம் தொங்கும், கழுத்து மெலியும், அறுந்து விழும். அதைச் சரியாக எண்ணவேண்டுமென்றால் உதடு அசையாமல் முடியாது, நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். காபியில் விழுந்தால் காபி. வாசனை இல்லை. நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. பிரச்சினை சக்கரைதான். கிளறாத காபியைக் கொடுத்தால் மருந்து மேலேயே நிற்குமோ என்று பயம், அதனால் சக்கரையும் போட்டு, கிளறி, ஆற்றிக் கொண்டுபோனேன். முதல் நாள் டம்ளரை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், துணித்துண்டைப் பார்க்கிற மாதிரி. குடித்தார். அப்புறம் மார்கழி, தை, மாசி. மூன்று மாதம் அவர் எனக்குத் திரும்பக் கிடைத்தார். தூங்கினார். விசிறிக்குக் கீழேயே தூங்கினார். பொங்கலுக்கு டிவியில் ஒரு நாடகத்தைப் பார்த்து, இந்தப் பொம்பளை போன சீன்ல கட்டியிருந்தது இதே சீலைதான், ஆனா வேற லாட்டு, வேற தடவை முக்குன சாயம், ஏமாத்தறானுக என்று சொல்லி நீலவேணியைச் சிரிக்கவைத்தார். அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் நான் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது, சிரிப்புக்குக் காரணம் குப்பி என்று. மறுபடியும் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. மருந்துக்கடைக்காரர் டாக்டர் எழுதிய பழைய சீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார். பங்குனியில் நடக்க ஆரம்பித்தார். காபி குடித்து ஒரு மணி நேரத்தில் எழுவார், வாசலில் இருந்து துவைக்கிற கல், துவைக்கிற கல்லில் இருந்து வாசல். உட்காருங்க என்றால் உட்காருவார், உட்கார்ந்தால் கால் மிதிக்கும், உள்ளுக்குள்ள யாரோ தள்ளறாங்க அம்மிணி என்பார். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். ஐந்தை எட்டாக்கினேன். எட்டைப் பத்தாக்கினேன். நடை கூடியது. பதினைந்தாக்கினேன்.

குப்பி இருக்கிற இடம் பெருங்காய டப்பாவுக்குப் பின்னால். பெயர்ச்சீட்டு ஒட்டிய பக்கம் சுவரைப் பார்த்திருக்கும், நான் எப்போதும் அப்படித்தான் வைப்பேன். இன்றைக்கு ஆட்டோ வந்து நிற்கும்போது பணப்பையை எடுக்கச் சமையற்கட்டுக்குள் ஓடினேன், அலமாரியைத் திறந்தேன், சீட்டு என்னைப் பார்த்தது. பார்த்ததும் ஓடிவந்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போது முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் முழங்கால் என் முழங்காலில் இடிக்க இடிக்க. சீட்டு ஏன் முன்பக்கம் பார்த்தது. கண்டுபிடித்துவிட்டாரா. கண்டுபிடித்திருந்தால் குப்பியை அங்கேயே வைப்பாரா, கையில் எடுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராகப் பிடிப்பாரே, வெயிலில் சாய்த்துப் பார்ப்பாரே. அவர் இல்லை. நான்தான் மறந்து திருப்பி வைத்தேனா. ஆறரைக்குப் பதினைந்து எண்ணினேன், மூடினேன், வைத்தேன், கை ஈரமாக இருந்தது, சீட்டு சுவரைப் பார்த்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே வந்து இந்த விளக்குக்குக் கீழே நின்ற பிறகுதான் மூன்றாவது ஆள் ஞாபகம் வந்தது. பங்குனியில் ஒருநாள் நீலவேணி பழைய சோற்று நீச்சத்தண்ணி குடிக்கச் சமையற்கட்டுக்கு வந்தாள், என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டாள். யாருக்கும்மா சொட்டு மருந்து என்று கேட்டாள். சொட்டு மருந்து என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பாலர் பள்ளியில் வரிசையில் நின்று வாயைத் திறந்து, விரலில் மை வைத்துக்கொண்டு வருவது. அப்பாவுக்கு என்றேன். அப்பாவுக்கு அஞ்சு வயசுக்கு மேல ஆயிருச்சே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு அவள் கன்னத்தைப் பிடித்து, இது அப்பாவுக்குச் சத்து மருந்து கண்ணு, இதனாலதான் அப்பா முன்ன மாதிரி இருக்கறாங்க, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதே, சொன்னா குடிக்கமாட்டாங்க என்றேன். சரி என்றாள். அவ்வளவுதான். அப்புறம் ஒருநாளும் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை, நான் எண்ணும்போது அவள் சமையற்கட்டுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டாள், நிலைப்படியோடு நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள், அது நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று நினைத்தேன். இன்றைக்கு எட்டு மணிக்கு நான் மாவு அரைக்கக் கொடுக்கப் போனேன். வரிசை இருந்தது. திரும்பும்போது எட்டே முக்கால். இவர் நடந்துகொண்டிருந்தார், முன்னைவிட வேகமாக. கழுவுகிற இடத்தில் அவர் டம்ளர் கிடந்தது, ஆறரைக்குக் குடித்த டம்ளரை நான் அப்போதே கழுவிக் கவிழ்த்திருந்தேன். அப்பா கேட்டாங்க, நானே போட்டுக் குடுத்தேன் என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். என் புள்ள காபி போடப் பழகிட்டா என்று நானும் சொன்னேன். சொன்னேன், மாவுத்தூக்கை இறக்கி வைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. மகள் கையால் கொடுத்தால் அவர் ஜன்னலுக்குப் போகமாட்டார். சாய்த்துப் பார்க்கமாட்டார். இப்போது நீலவேணி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நிமிரவே இல்லை. அவர் குதிகால் அவள் செருப்பு நுனியில் இடிக்கிறது, இடிக்கிறது, அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். பதினொன்று முப்பத்தொன்று. என்னிடம் சொல்கிறார், அவருக்கும் கேட்கும்படிதான் சொல்கிறார், மறைத்துப் பேசுவது இந்த டாக்டரம்மாவுக்குப் பிடிக்காதுபோல. "இப்ப இவருக்கு மனசை அமைதியாக்குற மருந்து குடுக்கப்போறேன் அம்மா. அதே வகை மருந்து முன்னாடியே உடம்புல இருந்தா எனக்குத் தெரிஞ்சாகணும். சிலருக்கு அது கூடிப்போனா கால் நிக்காது, உட்கார முடியாது, உள்ளே இருந்து தள்ளற மாதிரி இருக்கும். பார்க்கறவங்களுக்கு நோய் முத்திப்போன மாதிரியே தெரியும். அதுக்கு மேல இதையே போட்டா இன்னும் மோசமாயிரும், கழுத்து திருகும், நாக்கு இழுத்துக்கும். அப்படி இருந்தா நான் வேற ஊசிக்கு மாறணும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரைன்னு இல்லை, எதுவா இருந்தாலும்." எதுவா இருந்தாலும். நான் ஒளிந்திருந்த சொல்லை அவர் எடுத்துவிட்டார். உள்ளே இருந்து தள்ளுகிற மாதிரி என்றார், அவர் எங்கே கேட்டார் அதை, அது இவர் சொன்னது அல்லவா, எங்கள் வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் சொன்னது. ஐந்து, எட்டு, பத்து, பதினைந்து. நடந்தார், கூட்டினேன், கூட்டினேன், நடந்தார். நோயைத் துரத்திக்கொண்டு போவதாக நினைத்தேன். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. நான்கு மாதம் அந்த மனுஷனை வாசலுக்கும் கல்லுக்கும் நடக்கவிட்டது விசிறி கேமராவா, முதலாளியா. சொல், பூங்கொடி. வாயைத் திற. நான்கு சொல்தான். காபியில் சொட்டு மருந்து போடுகிறேன். திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைத்தான் எட்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட இனி வாங்கமாட்டார். அது போகட்டும், அவரே சமைத்துக்கொள்ளட்டும், ஓட்டலில் சாப்பிடட்டும். அது இல்லை. நான் கலந்தது உண்மை என்றால் மற்றதும் உண்மையாகிவிடும். விசிறிக்குள் கேமரா இருப்பது உண்மையாகிவிடும், லாரித் தண்ணீரில் உப்பை வேண்டுமென்றே கொட்டுகிறார்கள் என்பது உண்மையாகிவிடும், எல்லா நூலும் ஒரே சாயத்தில் முங்கிவிடும், அப்புறம் எந்த டாக்டர் எதைச் சொன்னாலும், பார்த்தீங்களா, அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க, கடைசியில அது நெசமாப் போச்சு என்பார். அவர் சரியாகத்தான் சொல்வார். சொல்லாவிட்டால் கழுத்து திருகும். நாக்கு. சொல்லாவிட்டால் அவர் சொன்ன ஒரே உண்மைக்கு அடியில் அந்தக் கோடு அப்படியே இருக்கும், மகள் அதைப் படித்துவிட்டாள், நான் தலையசைத்ததையும் பார்த்துவிட்டாள். அவரைப் பைத்தியம் என்று எழுதவைத்தது நான். அவர் என்னையே பார்க்கிறார், கோபமாகக்கூட இல்லை, துணியைப் பார்க்கிற மாதிரி. அப்படி எதுவும், என்று ஆரம்பித்தேன். எதுவும் என்பதற்கு மேல் சொல் வரவில்லை. சரிங்க அம்மா என்று டாக்டரம்மா எஸ்தர் சிஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

எஸ்தர் சிஸ்டர் தட்டைக் கொண்டுவருகிறார். பஞ்சு, ஸ்பிரிட், இரண்டு கண்ணாடிக் குப்பி, ஊசி. ஸ்பிரிட் வாசனை. டாக்டரம்மா மறுபடியும் ஸ்டூலில் உட்கார்ந்து அவரிடம் விளக்குகிறார், நாக்கில் வைத்தால் கரைகிற மாத்திரையும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது, எது வேண்டும் என்று அவரே சொல்லலாம் என்கிறார். நான் கலக்கறதைப் பார்க்காத எதையும் வாங்கமாட்டேனுங்க என்கிறார் இவர். சரி, இதை உங்க கண்ணு முன்னாடிதான் உடைப்பேன், நீங்களே பாருங்க என்று டாக்டரம்மா ஒரு குப்பியை இரண்டு விரலில் பிடித்து நீட்டுகிறார். இவர் அதைத் தொடவில்லை. தலையைச் சாய்த்து, அதற்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார். இத்தனை நேரத்தில் முதல்தடவையாக இரண்டு காலும் நிற்கின்றன. "கலரில்லையே டாக்டரம்மா." ஆமாங்க, கலர் இல்லை என்கிறார். "பத்தொம்பது வருஷமா கலரை நம்பிப் பொழைக்கறேன். கலரே இல்லாததை நான் எதை வெச்சு நம்பறது?" டாக்டரம்மா குப்பியை எஸ்தர் சிஸ்டரிடம் கொடுக்கிறார். நல்ல டாக்டர். இல்லாததைச் சொல்லாமல் இருக்கிறார். அய்யாசாமியின் கை சட்டைப் பைக்குப் போகிறது, சுருளின் நுனி வெளியே வருகிறது, டாக்டரம்மா பார்க்கிறார், இந்தத் தடவை வேண்டாம் என்று கையைக் காட்டவில்லை. இவர் கால் மறுபடியும் தொடங்குகிறது. வலது, இடது. எஸ்தர் சிஸ்டர் குப்பியின் கழுத்தை உடைக்கிறார், டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவு சின்னச் சத்தம். ஊசி முனை உள்ளே இறங்குகிறது. கலர் இல்லாதது மேலே ஏறுகிறது. நான் சொல்லிவிடுவேன். இந்த ஊசி நிரம்புவதற்குள் சொல்லிவிடுவேன். காற்றை வெளியே தள்ளுவார்கள், அதற்குள். பஞ்சை நனைப்பார்கள், அதற்குள். பஞ்சு நனைந்துவிட்டது. இவர் நீலவேணியின் விரலை லேசாக ஆட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் வைக்கிறபோது தலையைத் திருப்பச் சொல்லி ஆட்டுவாரே, அப்படி. "எம்புள்ள பொய் சொல்லமாட்டா, டாக்டரம்மா. ஒரு நிமிஷம் குடுங்க" என்கிறார். டாக்டரம்மா கையை உயர்த்துகிறார், எஸ்தர் சிஸ்டர் அப்படியே நிற்கிறார், ஊசி மேலே பார்த்தபடி நிற்கிறது, அதன் நுனியில் ஒரு மணி திரண்டு தொங்குகிறது. இவர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார், விளையாட்டுக்குக் கேட்பது போலத்தான் கேட்கிறார், ஆனால் விளையாட்டு இல்லை. "தனக்குன்னு நெறமில்லை, சேந்த எடத்து நெறந்தான் அதுக்கு. தனக்குன்னு ருசியில்லை, கலந்ததோட ருசிதான் அதுக்கு. கலக்கறப்பத் தெரியாது, கலந்த பொறகுதான் தெரியும். அது என்ன கண்ணு?" நீலவேணி நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு விடை தெரியும், ஏழு வயதில் இருந்து தெரியும், மூன்று எழுத்தோ நான்கு எழுத்தோ, சொன்னால் அவர் சிரித்தாலும் சிரிப்பார். அவள் என் உதட்டைத்தான் பார்க்கிறாள். பங்குனியில் இருந்து அவள் படித்துக்கொண்டிருப்பது இந்த உதட்டைத்தான். தண்ணி என்று நான் சத்தமில்லாமல் அசைத்தால் போதும். சொல்லிரு கண்ணு என்று அசைத்தாலும் போதும். நான் எதையும் அசைக்காமல் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

நீலவேணி தண்ணீர் என்று சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து, காபியில் போடுகிற சொட்டு மருந்து என்றாள். பிறகு டாக்டரம்மாவிடம் திரும்பி, இன்றைக்கு அம்மா பதினைந்து போட்டார்கள், நான் இருபது போட்டேன் என்றாள்.